நான் அழுத்தாத சிவப்பு பட்டன்

முதல்லயே சொல்லிடுறேன். இதைக் கேட்டு முடிச்சிட்டு "பாவம், அவளும்தான் என்ன செய்வா"ன்னு யாரும் உச்சுக்கொட்ட வேணாம். உச்சுக்கொட்டினா எனக்குக் கெட்ட கோவம் வரும். பதினாலு வருஷமா மருந்துக் கம்பெனியில பேக்கிங் வேலை பார்க்குறேன். இருமல் மருந்து பாட்டிலை டப்பாவுல போட்டு மூடுற வேலை. அந்த வேலையில ஒரு நாள் நான் ஒண்ணு பண்ணினேன். பண்ணினேன்னுகூடச் சொல்ல முடியாது, பண்ணாம இருந்தேன். அதான் இன்னும் கேவலம்.

எங்க லைன்ல ஒம்போது பொம்பளைங்க. நடுவுல பெல்ட் ஓடும். முதல் நாற்காலியில லேபிள் நேரா ஒட்டியிருக்கான்னு பார்க்கணும், அடுத்ததுல மூடி, அடுத்ததுல தேதி. இப்படியே வந்து எட்டாவது நாற்காலியில, மருந்து அளக்குற சின்ன பிளாஸ்டிக் கப்பை பாட்டில் தலையில கவுத்தணும். ஒம்போதாவது கடைசி நாற்காலி. பாட்டிலையும் உள்ள வைக்கிற காகிதத்தையும் டப்பாவுல போட்டு மூடித் தள்ளணும். மூடிட்டா அப்புறம் உள்ள என்ன இருக்குன்னு கடைக்காரர் திறந்தாத்தான் தெரியும். அதனால கடைசி நாற்காலிக்கு நல்ல கண்ணு வேணும். ஒம்போது வருஷமா அது என் நாற்காலி.

இந்த மாதிரி நாலு லைன். முப்பத்தாறு பொம்பளைங்க வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். நாலு ஆம்பளைங்க நீலக் கோட்டு போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டிருப்பாங்க. அவங்கதான் லைன் இன்சார்ஜ். அவங்க யாரும் ஒரு டப்பாகூட மடிச்சதில்ல. அது யாருக்கும் விசித்திரமாப் படல. எனக்கும்தான்.

என் நாத்தனாரை அங்க சேர்த்துவிட்டது நான். என் வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி, எங்க வீட்டு மாடியிலதான் குடியிருக்கா. அவ புருஷன் லாரி ஓட்டுறவர், மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான் இருப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் மேனேஜர்கிட்ட கெஞ்சி வேலை வாங்கிக் கொடுத்தேன். டப்பா எப்படி மடிக்கணும், எந்த விரலால தள்ளணும், மூத்திரம் வந்தா யார்கிட்ட சொல்லிட்டுப் போகணும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, அவ கெட்டிக்காரி. கோட்டுப் பையில ஒரு ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் வச்சிருப்பா. லேபிள் ஒரு நூல் சாய்ஞ்சிருந்தாலும் எடுத்து வச்சு அளப்பா. கம்பெனி மொத்தமும் அவளை "ஸ்கேல்"னுதான் கூப்பிடும். கோவிச்சுக்கமாட்டா, சிரிப்பா.

போன வருஷம் எங்க இன்சார்ஜ் ஓய்வுபெற்றுப் போனார். நோட்டீஸ் போர்டுல பேப்பர் ஒட்டினாங்க. லைன்ல இருக்கறவங்களே மனு போடலாம், பொம்பளைங்களும் போடலாம்னு. முதலாளியோட மகள் வெளிய எங்கயோ படிச்சிட்டு வந்து அப்பாகிட்ட சண்டை போட்டு அந்த வரியைச் சேர்த்தாங்களாம்.

லைன்ல எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. "அக்கா, நீங்கதான் போடணும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கெதுக்குடி இந்த வம்பு. வீட்டையும் பார்த்துக்கிட்டு இதையும் யாரு கட்டி அழுறது."

மனசுக்குள்ள வேற. இன்னும் ரெண்டு தடவை கேப்பாங்க, மேனேஜரே கூப்பிட்டுச் சொல்லுவார், அப்புறம் போனாப் போகுதுன்னு போடலாம்னு நினைச்சேன். ஒரு வாரம் காத்திருந்தேன். யாரும் ரெண்டாவது தடவை கேக்கல. வேணாம்னு சொன்னவளை யாரு கேப்பா? ஆசையை வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, அடுத்தவங்க வந்து வாயில ஊட்டணும்னு உக்காந்திருந்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் ஸ்கேல் மாடியிலேர்ந்து இறங்கி வந்தா. "அண்ணி, நீங்க நிஜமாவே போடலையா?"

"போடல."

"அப்ப நான் போடட்டுமா? நீங்க வேணாம்னா வேணாம்."

என் வீட்டுக்காரர் முந்திக்கிட்டார். "போடுடி! என் தங்கச்சி இன்சார்ஜ் ஆகட்டும், ஊரே பார்க்கட்டும்!" நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு "போடேன், யாரு வேணாங்கறா"ன்னேன். அவளுக்குக் கிடைச்சிது. மூணு மாசம் பார்ப்போம்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. மேனேஜர் எல்லாரையும் வச்சுக்கிட்டே சொன்னார்: "இவங்க சரியா வந்தா மத்த லைன்லயும் லேடீஸைப் போடலாம்னு முதலாளி சொல்லியிருக்கார். இல்லைன்னா பழையபடிதான்." ஆக, ஒருத்தி தேறணும், முப்பத்தாறு பேருக்கும் சேர்த்து.

நீலக் கோட்டு ஆம்பளை அளவுதான் இருந்துச்சு. கை ரெண்டும் அவ விரலைத் தாண்டித் தொங்கிச்சு. ராத்திரியோட ராத்திரியா கையை ஒரு சாண் மடிச்சுத் தச்சுக் கொடுத்தது நான்தான். தைக்கும்போது ஊசி ரெண்டு தடவை குத்திச்சு. வயித்தெரிச்சல்ல தச்சா அப்படித்தான் குத்தும்.

அவ இன்சார்ஜ் ஆனதும் செஞ்ச முதல் வேலை அந்த பட்டன். அதுவரைக்கும் பெல்ட்டை நிறுத்துற அதிகாரம் நீலக் கோட்டுக்கு மட்டும்தான். நாங்க ஏதாவது தப்புப் பார்த்தா கையைத் தூக்கணும். அவர் டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு நடந்து வந்து, "என்ன?"ன்னு கேட்டு, பார்த்து, அப்புறம் நிறுத்துவார். அதுக்குள்ள இருபது டப்பா போயிடும். ஸ்கேல் மெக்கானிக்கோட மல்லுக்கட்டி ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்துலயும் ஒரு சிவப்பு பட்டன் வைக்கச் சொன்னா. "தப்புன்னு தோணினா யாரும் யாரையும் கேக்க வேணாம். அழுத்துங்க. தப்பா அழுத்தினாலும் பரவாயில்ல, நான் பதில் சொல்லிக்கறேன்"னா. முதல் நாள் ஒருத்தி சும்மா அழுத்திப் பார்த்தா. பெல்ட் நின்னுது. ஒம்போது பேரும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சோம். பதினாலு வருஷத்துல முதல் தடவையா அந்த பெல்ட் எங்க பேச்சைக் கேட்டுச்சு. நானும் சிரிச்சேன், அதையும் சொல்லிடணும்.

மத்த லைன்ல தப்பு வந்துக்கிட்டே இருக்க, எங்க லைன்ல குறைஞ்சுது. வீட்டுல என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தா தங்கச்சி புராணம்தான். "நீ அங்க பதினாலு வருஷம் இருந்து என்ன கண்ட? அவளைப் பாரு." சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவார். சோத்தைத் தட்டுல போடும்போது கரண்டி தானா டங்குன்னு விழும்.

பதினோராவது வாரம். அன்னைக்குக் காலையிலயே ஆரம்பிச்சுது. லைனுக்கு வந்தா, ஸ்கேல் என் பக்கத்துல வந்து நின்னு, "அண்ணி, தொப்பிக்கு வெளிய முடி"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா எட்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. முடியை உள்ள தள்ளினேன், காது சுட்டுச்சு. யாருக்கு யாரு சொல்றது? தொப்பி எப்படிப் போடணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானேடின்னு உள்ளுக்குள்ள பொருமினேன்.

பதினோரு மணிக்கு பெரியவங்க மருந்து முடிஞ்சு குழந்தைங்க மருந்துக்கு மாத்தினோம். மாத்தும்போது கப்பும் மாறும். பெரியவங்க கப்புல ரெண்டு கோடு, குழந்தைங்க கப்புல ஒரே கோடு, அளவு பாதி. ரெண்டும் ஒரே வெள்ளை, வாய் ஒரே அகலம், எந்த பாட்டில் தலையிலயும் ரெண்டும் உக்காரும். அதனால ஸ்டோர்லேர்ந்து வர்ற ஒவ்வொரு பை கப்பையும் ஸ்கேல் தானே பிரிச்சு, கோட்டை எண்ணிட்டுத்தான் எட்டாவது நாற்காலிக்குக் கொடுப்பா. மூணு பை அப்படித்தான் கொடுத்தா.

அப்பத்தான் மேனேஜர் ஆள் அனுப்பினார். வெளியூர்லேர்ந்து யாரோ வாங்குறவங்க வந்திருக்காங்க, பூங்கொத்து கொடுக்கணும், "லேடி இன்சார்ஜ் கொடுத்தா நல்லா இருக்கும், உடனே வரச் சொல்லுங்க"ன்னு. அவளுக்கு முகம் சுண்டிப்போச்சு. "லைன் ஓடிட்டு இருக்கே"ன்னா. "அஞ்சு நிமிஷம்தான்மா"ன்னான் வந்தவன். மூணு நீலக் கோட்டு ஆம்பளைங்க அந்த நேரத்துல அவங்கவங்க லைன்ல நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்க யாரையும் பூ கொடுக்கக் கூப்பிடல.

போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்தா. "அண்ணி, நான் வர்ற வரைக்கும் நீங்கதான். பார்த்துக்கோங்க."

அவ போன கொஞ்ச நேரத்துல ஸ்டோர்காரர் நாலாவது பையைக் கொண்டுவந்து எட்டாவது நாற்காலியில வச்சிட்டுப் போனார். எட்டாவது நாற்காலியில இருந்தது புதுசா சேர்ந்த பொண்ணு, வந்து பத்து நாள்தான் ஆகுது. அவ பையைப் பிரிச்சு எடுத்து வைக்க ஆரம்பிச்சா. என் கையில முதல் பாட்டில் வந்ததும் பார்த்தேன். ரெண்டு கோடு.

பெரியவங்க கப்பு. குழந்தைங்க மருந்துல.

எனக்கு அது ஒரே வினாடியில தெரிஞ்சுது. கண்ணு மங்கலா இருந்துச்சு, அசதியா இருந்துச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். பட்டன் என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. கை போச்சு. பாதியில நின்னுது.

என்ன நினைச்சேன்னு அப்படியே சொல்லிடுறேன். அரை மணிக்கு ஒரு தடவை குவாலிட்டிக்காரர் வந்து அந்தப் பக்கம் அடுக்கி வச்சதுல நாலு டப்பாவை எடுத்துத் திறந்து பார்ப்பார். இன்னும் பத்து நிமிஷத்துல வருவார், பிடிச்சிடுவார். பெல்ட் நிக்கும். எல்லா டப்பாவையும் திரும்பப் பிரிக்கணும். எல்லார் முன்னாடியும் இன்சார்ஜம்மாவுக்கு மூக்கு உடைபடும். ஒரு பத்து நிமிஷம் அவளும் கூசி நிக்கட்டும், தொப்பிக்கு வெளிய முடியா தெரியுதுன்னு அப்ப கேக்கறேன். அவ்வளவுதான் என் ஆசை. சத்தியமா அதுக்கு மேல இல்ல.

கையை இழுத்துக்கிட்டேன். பாட்டிலை டப்பாவுல போட்டு மூடித் தள்ளினேன். அடுத்தது, அதுவும் ரெண்டு கோடு. மூடினேன். அடுத்தது.

குவாலிட்டிக்காரர் வரவே இல்ல. அவரையும் பூங்கொத்து வரிசையில நிக்க வச்சிருக்காங்க. அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனா பத்து நிமிஷம் ஆகியும் வரலைன்னு தெரிஞ்சுதே, அப்ப அழுத்தியிருக்கலாமே? அப்ப வேற பயம் வந்துடுச்சு. இப்ப அழுத்தினா, இத்தனை நேரம் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேப்பாங்க. இவ்வளவு நாழி மூடினவ இதையும் மூடுன்னு மூடிக்கிட்டே இருந்தேன். இருபத்தஞ்சு நிமிஷம். ஸ்கேல் மூச்சு வாங்க ஓடி வந்தப்போ அந்தப் பை காலி. அஞ்சாவது பை வந்திருந்துச்சு, அதைப் பிரிச்சு எண்ணினா. ஒரே கோடு. சரியா இருந்துச்சு.

"எல்லாம் சரியா அண்ணி?"ன்னா.

"ம்"ன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் லாரி ஏறிப் போயிடுச்சு. மூணாம் நாள் ஒரு மருந்துக்கடைக்காரர் போன் பண்ணினார், டப்பாவைத் திறந்து பார்த்தேன், குழந்தை மருந்துக்குப் பெரிய கப்பு வச்சிருக்கீங்களேன்னு. கம்பெனியே ஆடிப்போச்சு. அந்த நாள் போன டப்பா அத்தனையையும் திரும்ப வரவழைச்சாங்க. ஒண்ணுகூட எந்த வீட்டுக்கும் போயிருக்கல, மூணு தடவை எண்ணிப் பார்த்துட்டாங்க. நான் கும்பிடாத சாமி இல்ல அந்த நாலு நாள்ல. ஏதாவது ஒரு அம்மா இருமுற பிள்ளைக்கு அந்தக் கப்பு நிறைய ஊத்தியிருந்தா? நல்ல நேரம், தப்பிச்சுது. அதுல என் பங்கு ஒண்ணும் இல்ல.

விசாரணை கேன்டீன்ல நடந்துச்சு. மேசையெல்லாம் ஒதுக்கிப் போட்டு எங்க ஒம்போது பேரையும் உக்கார வச்சாங்க. ஸ்கேல் மட்டும் நின்னா. மேனேஜர் பேப்பரைப் பார்த்துப் படிச்சார், "சம்பவ நேரத்தில் இன்சார்ஜ் பணியிடத்தில் இல்லை."

"நீங்கதான் சார் பூ கொடுக்கக் கூப்பிட்டீங்க"ன்னா ஸ்கேல்.

"கூப்பிட்டேன்மா. கூப்பிட்டா? லைனை யார்கிட்ட ஒப்படைச்சிட்டு வந்தீங்க?"

நான் செத்தேன்னு நினைச்சேன். அவ என் பக்கம் பார்க்கக்கூட இல்ல. "ஒம்போது பேர்கிட்டயும்தான் சார் விட்டுட்டு வந்தேன்"ன்னா.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கடைசி நாற்காலி நீங்கதானே? உங்க கண்ணுல படலையா?"

"இல்ல சார்"ன்னேன். ரெண்டே வார்த்தை.

"படலையா, இல்ல பார்த்தும் விட்டுட்டீங்களா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ குறுக்க வந்தா. "சார், அவங்களை அப்படிக் கேக்காதீங்க. என் லைன்ல இருக்கறவங்க கண்ணுல பட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்க. அதுக்குத்தான் பட்டன் வச்சிருக்கோம். ஒம்போது பேர் கண்ணுக்கும் தப்பியிருக்குன்னா நான் கப்பு வித்தியாசத்தைச் சரியாச் சொல்லிக்கொடுக்கலைன்னு அர்த்தம். தப்பு என்னோடது."

மேனேஜருக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு, எழுதிக்கிட்டார். எனக்கு அந்த இடத்துலயே நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. ஆனா சாகவும் இல்ல, எந்திரிச்சுச் சொல்லவும் இல்ல. குனிஞ்சு என் செருப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவளை முதல் நாற்காலிக்கு அனுப்பினாங்க, லேபிள் பார்க்க. நீலக் கோட்டைத் துவைச்சு இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தா. புது இன்சார்ஜா ஒருத்தர் வந்தார், எதைக் கேட்டாலும் "ஆகட்டும் பார்க்கலாம்"னுதான் சொல்லுவார், அதனால அவர் பேரே "ஆகட்டும்". அவருக்கு அதே கோட்டைக் கொடுத்தாங்க. நான் மடிச்சுத் தச்ச கை அவருக்கு முழங்கைக்குக் கொஞ்சம் கீழ வந்து நின்னுது. லைனே சிரிச்சுது. அவர் கோவத்துல தையலைப் பிரிச்சுக்கிட்டார். மடிப்பு இருந்த இடம் மட்டும் கருநீலமாத் தெரியும், அவர் கையை நீட்டும்போதெல்லாம் என் கண்ணுல அதுதான் படும். பட்டன்களை டேப்பு போட்டு ஒட்டிட்டாங்க. தப்புப் பார்த்தா மறுபடியும் கையைத் தூக்கினோம்.

நாலு மாசம் போச்சு. ரெண்டாவது லைன்ல இன்சார்ஜ் இடம் காலியாச்சு, நோட்டீஸ் ஒட்டினாங்க. அதே வரி, பொம்பளைங்களும் போடலாம். ஒருத்தியும் போடல. "ஸ்கேலாலயே முடியலைன்னா நம்மால எங்கடி முடியும்"னு சாப்பிடுற இடத்துல பேசிக்கிட்டாங்க. நான் பாதிச் சோத்தோட டப்பாவை மூடி வச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மாடிக்குப் போனேன். "நீ திரும்ப மனு போடேன்"னு சொல்லத்தான் போனேன், என் மனசைக் கழுவிக்க. அவ மேசையில ஒரு நோட்டு திறந்து கிடந்துச்சு. கட்டம் கட்டமா கோடு போட்டு, ஸ்கேல் வச்சுத்தான், ஒம்போது நாற்காலி வரைஞ்சிருந்தா. ஒவ்வொரு பையும் எத்தனை மணிக்கு வந்துச்சு, யார் வாங்கினா, எங்க நின்னு பார்த்தா கோடு தெரியும், விளக்கு எந்தப் பக்கம்னு பக்கம் பக்கமா எழுதியிருந்தா. நாலு மாசத்து எழுத்து.

"என்னடி இது?"

"எங்க விட்டேன்னு தேடுறேன் அண்ணி. உங்க கண்ணுக்கே தப்பிச்சிருக்குன்னா விளக்கு வெளிச்சம்தான் சரியில்லையோன்னு பார்த்தேன். அதுவும் இல்ல. அப்புறம் எனக்கு இந்த வேலை வராதுன்னு விட்டுட்டேன். போன மாசம் வேற ஒரு கம்பெனியில லைன் பார்க்கக் கூப்பிட்டாங்க, போகல. தெரியாத வேலைக்குப் போய் இன்னொரு தடவை ஏதாவது குழந்தைங்க மருந்துல..."

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கன்னு என்னை நானே கேட்டுக்கிட்டேன். அவ கோட்டை மட்டும் நான் பிடுங்கல. அவளுக்கு அவ மேல இருந்த நம்பிக்கையையும் பிடுங்கிட்டேன். ஆனா அப்பவும் அவ முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரல. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடுவோம், அவர் அவளைக் கூப்பிட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்துடுவார், நான் அவ முகத்துல முழிச்சுச் சொல்ல வேண்டிய வேலையே இருக்காதுன்னு கணக்குப் போட்டேன். அதுலயும் கோழைத்தனம்.

மறுநாள் மேனேஜர் ரூமுக்குப் போய், கதவைச் சாத்திட்டு, நின்னுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினேன். ரெண்டு கோடு பார்த்தது, கை பாதியில நின்னது, வயித்தெரிச்சல், எல்லாம். வேலையை விட்டு எடுங்க சார், அவளுக்கு அந்த இடத்தைக் கொடுங்கன்னேன்.

அவர் கோவப்படுவார்னு பார்த்தேன். மனுஷன் நாற்காலியில சாய்ஞ்சு சிரிச்சார்.

"நான் அன்னைக்கே முதலாளிகிட்ட சொன்னேன்மா. பொம்பளைக்குக் கீழ பொம்பளை வேலை பார்க்கமாட்டா, காலை வாரிவிடுவாங்கன்னு. அவர் மகள் பேச்சைக் கேட்டார். இப்ப நீங்களே வந்து சொல்லிட்டீங்க, ரொம்ப நல்லதாப் போச்சு. அந்த நோட்டீஸ்ல இருக்கற வரியை இனிமே எடுத்துடலாம்."

"சார், தப்பு நான் ஒருத்தி பண்ணினது..."

"அதைத்தான் நானும் சொல்றேன். போய் வேலையைப் பாருங்க. இதை வெளிய பேசாதீங்க, விசாரணையைத் திரும்ப நடத்தணும், எல்லாருக்கும் தலைவலி. டீ சாப்பிடுறீங்களா?"

அந்த ஆள் எனக்கு டீ கொடுத்தார்! திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நான் பண்ணினதுக்கு எனக்கு டீ, என்னால முப்பத்தாறு பேருக்கும் கதவடைப்பு. அவருக்குக் கீழ லைன் பார்க்குற ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் காலை வாராத நாளே கிடையாது, அதுக்காக யாரும் ஆம்பளைக்கு நீலக் கோட்டு கிடையாதுன்னு சொன்னதில்ல. இதெல்லாம் ரூமை விட்டு வெளிய வந்தப்புறம்தான் தோணிச்சு. உள்ள, டீயைக் குடிச்சிட்டுக் கிளாஸை வச்சிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாடி ஏறினேன். இந்தத் தடவை உக்காரல. அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. அவ முதுகைப் பார்த்துக்கிட்டேதான் சொல்ல ஆரம்பிச்சேன். "அன்னைக்கு அந்தக் கப்பு என் கண்ணுல பட்டுச்சு."

தண்ணிச் சத்தம் நின்னுது. அவ திரும்பினா. நான் நிறுத்தாம சொன்னேன், மேனேஜர் சிரிச்சது வரைக்கும், டீ வரைக்கும்.

அவ அழுவா, கத்துவா, கையில இருக்கற பாத்திரத்தை விட்டெறிவான்னு நின்னேன். அவ கையைத் துடைச்சிட்டு நோட்டை எடுத்துக்கிட்டு வந்தா. "எத்தனாவது டப்பாவுல பார்த்தீங்க?"

"என்னது?"

"நாலாவது பையில முதல் கப்பா, நடுவுலயா?"

"முதல் கப்பு."

எழுதினா. "அப்ப வெளிச்சம் சரியாத்தான் இருந்திருக்கு"ன்னா, தனக்குத்தானே. "நான் சொல்லிக்கொடுத்ததும் சரிதான். பட்டனும் வேலை செஞ்சிருக்கும்." அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தா. "நாலு மாசம் அண்ணி. நாலு மாசமா தினம் கீழ வந்து உங்க கையால காபி குடிச்சேன்."

"என்னை அடிச்சிடுடி."

"அதெல்லாம் வேணாம். எழுதிக் கொடுங்க. மேனேஜர்கிட்ட வாயால சொன்னா அவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்குவார். முதலாளிக்கும் அவர் பொண்ணுக்கும் நானே நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கறேன். கம்பெனி முழுக்கத் தெரியும். உங்க வேலை போகலாம்."

"போகட்டும்."

"அண்ணனுக்கும் நீங்களே சொல்லுங்க."

அதுதான் வலிச்சுது. தலையை ஆட்டினேன். அவ நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சுக் கொடுத்தா. மேசையில உக்காந்து எழுதினேன். தேதி, நேரம், லைன், நாலாவது பை. விசாரணையில பொய் சொன்னது. இன்சார்ஜ் மேல ஒரு தப்பும் இல்லைங்கறது. கடைசியில, "என் கவனக்குறைவால் இது நடந்துவிட்டது, மன்னிக்கவும்"னு எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். யாரும் இப்படித்தானே எழுதுவாங்க? கை தானா எழுதிடுச்சு.

அவ வாசிச்சா. ஒரு தடவை, ரெண்டு தடவை. பையிலேர்ந்து அந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து "கவனக்குறைவால்"ங்கற வார்த்தை மேல வச்சு, பேனாவால நேரா ஒரு கோடு இழுத்து அடிச்சா. தாளை என் பக்கம் திருப்பி வச்சா.

"கவனக்குறைவுன்னு எழுதாதீங்க அண்ணி. நீங்க நல்லா கவனமாத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

நான் பேனாவை எடுத்தேன். அடிச்ச வார்த்தைக்கு மேல, கண்ணு மறைக்க மறைக்க, "பார்த்தேன். வேண்டுமென்றே நிறுத்தவில்லை"ன்னு எழுதினேன். அவ அதையும் ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துட்டு, தாளை மடிச்சு வச்சிட்டு, அரிசி களையப் போயிட்டா.